ஒன்பதாம் வார்டின் நிறம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், மெயின்ரோட்டிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பினால் ஒரு பேரூராட்சி வரும். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக் காலையிலேயே நாலு பேர் வேன் பிடித்துச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதில் முதல் ஆளாக இறங்குகிறவள் முனீஸ்வரியாகத்தான் இருப்பாள்.

முனீஸ்வரி அந்தப் பேரூராட்சியின் ஒன்பதாம் வார்டு மெம்பர். கட்சிக்காரர்களைத் தோற்கடித்து, தையல் மிஷின் சின்னத்தில் சுயேச்சையாக ஜெயித்தவள். பிழைப்பும் அதே தையல் மிஷின்தான். தளவாய்புரத்து முதலாளிகள் துணியை வெட்டி அனுப்புவார்கள். இவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நைட்டியாகத் தைத்துக் கொடுப்பாள். வீட்டுக்காரர் தங்கச்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனுஷர். தான் பேசவேண்டிய பங்கையும் மனைவிக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். ஒரே மகன் லிங்கேஸ்வரன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீசியன்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. அர்த்தம் தெரியாத சொல்லுக்குத் தலையாட்ட மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தபோது, ஒவ்வொருத்தி பெயருக்கு நேரேயும் 'எஃபிஷியன்சி' என்று சுவர்ப் பலகையில் ஓர் எண் போடுவார்கள். எண் குறைந்தவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவார்கள். முனீஸ்வரி முறை வந்தபோது அவள் தலை குனியவில்லை. "சார், எஃபிஷியன்சின்னா என்னது? மிஷின் ரிப்பேராகி நின்ன நேரமும் அதுல சேருமா, சேராதா?" என்று கேட்டாள். கேட்ட வாரமே வேலை போயிற்று. "பதில் தெரிஞ்சா சொல்லிருப்பான். தெரியாததுனாலதான் வேலையவிட்டுத் தூக்குனான்" என்று பஸ்ஸில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

அந்தக் குணம் போன கோடையில் பேரூராட்சிக் கூட்டத்தில் மறுபடி தலைதூக்கியது.

ஊருக்கு ஒரே ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அனுமதி வந்திருந்தது. எந்த வார்டில் கட்டுவது என்று முடிவுசெய்ய வேண்டும். அதற்காக மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர், நவநீதகிருஷ்ணன் என்று பெயர், லேப்டாப்போடு வந்திருந்தார். சுவரில் ஊரின் வரைபடம் விழுந்தது. வார்டு வார்டாகப் பிரித்து நிறம் அடித்திருந்தார்கள். பத்தாம் வார்டு வெல்லப்பாகு முற்றின மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தது. ஒட்டி இருந்த ஒன்பதாம் வார்டு ஏறக்குறைய வெள்ளை.

"இது குளோரோபிளெத் மேப். தண்ணி வரலைன்னு போன்ல வந்த புகாரை வச்சுப் போட்டது. புகார் அதிகமா உள்ள வார்டு கருஞ்சிவப்பு, கம்மியா உள்ள வார்டு வெளுப்பு. ஒன்பதாவது வார்டுல தண்ணிப் பிரச்சினையே இல்ல. பத்தாவது வார்டுக்குத்தான் தொட்டி அவசியம்" என்றார் நவநீதகிருஷ்ணன்.

மெம்பர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், "குளோரின்தான் வாராவாரம் போடுறோமே சார்" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் முனீஸ்வரி எழுந்துவிட்டாள்.

"சார், அந்தப் படத்துக்கு என்னமோ பேரு சொன்னீகளே, அப்படின்னா என்னது?"

"இந்த மாதிரி மேப்புக்கு அதுதான் பேரு மேடம். சாஃப்ட்வேர்லயே அப்படித்தான் வரும்."

"பேருன்னா ஒரு அர்த்தம் இருக்கும்ல? யாரு வச்சா? எதுக்கு வச்சா?"

தலைவருக்கு எரிச்சல் வந்தது. "மெம்பர், பேரு என்னவா இருந்தா ஒங்களுக்கென்ன? நெறத்தப் பாருங்க."

"பேரு, ஊரு தெரியாத மாப்பிள்ளைக்குப் பொண்ணக் குடுப்பீகளா தலைவரே? எங்க வார்டுல தண்ணிக் கஷ்டமே இல்லைங்குது அந்தப் படம். அது யாரு, எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம நான் தீர்மானத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

நவநீதகிருஷ்ணன் நல்ல மனுஷர். தெரிந்ததாகப் பாவனை செய்யவில்லை. "எனக்கும் தெரியாது மேடம். கேட்டுட்டு வந்து சொல்றேன். அடுத்த கூட்டம் வரைக்கும் வர்ற புகாரை வச்சு, படத்தைப் புதுசாப் போட்டுக் காட்டுறேன்" என்றார். டீயும் வடையும் வந்துவிட்டதால் தலைவரும் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை.

கூட்ட அறையை விட்டு வெளியே வந்தவளை, "மெம்பரக்கா" என்று தன் கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து கூப்பிட்டாள் ஹெப்சிபா. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். பூகோளம் படித்தவள். பூகோளத்துக்கு வேலை கிடைக்காததால் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் அடித்து, போனில் வரும் புகார்களையும் பதிந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷமாக யாரும் பூகோளத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்தத் தாகம் முகத்தில் தெரிந்தது.

"அது குளோரோ இல்லக்கா. கோரோ. கோரோபிளெத். இங்கிலீஷ்ல சி, எச்னு எழுதி, 'க'ன்னு சொல்லணும். குளோரின் ஞாபகத்துல நெறையப் பேரு தப்பாத்தான் சொல்லுவாக, எங்க காலேஜ்லயே அப்படித்தான்."

"சரி, அர்த்தம்?"

"ரெண்டு கிரேக்கச் சொல்லு. கோரான்னா எடம். பிளெத்தோஸ்னா திரள், கூட்டம். எந்த எடத்துல எம்புட்டு இருக்குன்னு நெறத்தால காட்டுற படம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல அமெரிக்கப் பூகோளக்காரரு ஒருத்தர் வச்ச பேரு. ஆனா படம் அதுக்கும் நூறு வருசம் மூத்தது. பிரான்ஸ்ல ஒருத்தர், எங்கெங்க பிள்ளைக படிக்கலியோ அந்தப் பக்கத்தையெல்லாம் கறுப்பா அடிச்சு ஒரு மேப் போட்டாரு. அதுதான் மொதல்ல வந்தது."

"கறுப்படிச்ச ஊர்க்காரன்லாம் சண்டைக்கு வந்திருப்பானே?"

"வராமயா இருந்திருப்பாக."

"வந்தா வரட்டும். கறுப்பாக் கெடக்குற பக்கந்தான் பள்ளிக்கூடம் கட்டணும்னு எவனுக்காவது தோணும். சரிட்டி, நம்ம ஊருப் படத்துல திரள்னா எதோட திரள்? தண்ணிப் பஞ்சத்தோட திரளா?"

ஹெப்சிபா தலையசைத்தாள். "இல்லக்கா. புகாரோட திரள். தண்ணி இல்லாத எடம் எதுன்னு இந்தப் படத்துக்குத் தெரியாது. இல்லைன்னு சொன்னவுக எந்த விலாசத்தைச் சொன்னாகன்னுதான் தெரியும். இங்க பாருங்க, பத்தாவது வார்டுல வந்த புகார்ல முக்காவாசி ஒரே எடத்துலருந்து. காளியம்மன் கோயில் முக்கு."

முனீஸ்வரி பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோயில் முக்கு என்றதுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். தண்ணீர் வரவில்லை என்று பேரூராட்சிக்குப் போன் போட்டால் விலாசம் கேட்பார்கள். சொன்ன விலாசத்துக்கு லாரியில் தண்ணீர் வரும். சில வருஷங்களுக்கு முன்னால், முனீஸ்வரி தெருவில் எதிர்வீட்டு முத்தாத்தாளின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வத்திராயிருப்புப் பக்கமிருந்து வந்தவர்கள், தெருவை அடைத்துக்கொண்டு லாரி நிற்பதையும் பெண்கள் குடத்தோடு முட்டி மோதுவதையும் பார்த்துவிட்டு, வேனை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். தண்ணீர் இல்லாத தெருவோடு யார் சம்பந்தம் வைப்பார்கள்? அன்றைக்கே தெருவுக்கு ஒரு சட்டம் வந்தது. லாரி தெருவுக்குள் வரக்கூடாது. போன் போடுகிறவர்கள் வீட்டு நம்பரைச் சொல்லாமல் கோயில் முக்கு என்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் முக்குக்குப் போய்க் குடத்தில் பிடித்து, முந்தானையால் மூடி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். தெரு ஒன்பதாம் வார்டு, கோயில் முக்கு பத்தாம் வார்டு. அதைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இல்லை. தெரு மானம் காப்பாற்றப்பட்டது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் முனீஸ்வரிதான். தேர்தலில் அந்தத் தெரு ஓட்டு மொத்தமும் அவளுக்கு விழுந்ததற்கும் அதுதான் காரணம்.

அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் படத்தின் மேல், பிறகு வேனை விட்டு இறங்காமல் போன வத்திராயிருப்புக்காரர்கள் மேல், கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல் தன்மேலேயே. தன்மேல் கோபப்பட்டு அவளுக்குப் பழக்கமில்லை. எனவே அதை அதிக நேரம் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் காலை கோயில் முக்கில், குடங்களுக்கு நடுவில் நின்று சொன்னாள். "இனிமே போன் போட்டா அவுகவுக வீட்டு நம்பரச் சொல்லுங்க. லாரி தெருவுக்குள்ள வரட்டும். நாம இல்லைன்னு சொல்லாத வரைக்கும் நமக்கு இருக்குன்னுதான் எழுதிக்கிடுவாக. தொட்டி பக்கத்து வார்டுக்குப் போயிரும்."

முத்தாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள். "ஏட்டி முனீஸ்வரி, வெளையாடுதியா? எம்மவளுக்கு வந்த சம்பந்தம் போச்சேன்னு நான் அழுதுக்கிட்டு நின்னப்ப நீதான இந்தச் சட்டத்தப் போட்ட? இப்ப மெம்பராயிட்டன்னு மாத்திப் பேசுதியா?"

"நான் போட்டதுதான். அதனாலதான் நானே எடுக்கறேன்."

"அப்ப ஒண்ணு செய்யி. வார ஞாயித்துக்கெழம ஒம்மவனுக்குச் சேத்தூர்லருந்து வீடு பாக்க வாராகள்ல? அன்னைக்கு ஒன் வாசல்ல மொதல்ல லாரிய நிப்பாட்டு. பொறவு எங்களச் சொல்லு."

மற்ற பெண்கள் முனீஸ்வரியின் முகத்தையே பார்த்தார்கள். முத்தாத்தாள் கேட்டது நியாயம். அதுதான் சங்கடம்.

"நிப்பாட்டுறேன்" என்றாள் முனீஸ்வரி.

வீட்டில் அதைச் சொன்னதும், அதிகம் பேசாத தங்கச்சாமியே, "வேண்டாம்ட்டி" என்றார். லிங்கேஸ்வரன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். பெண்ணின் பெயர் நாகஜோதி, ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த மாதத்தில் மட்டும் அவனுக்கு அந்தக் கடையில் மூன்று சட்டை தேவைப்பட்டிருந்தது.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழமம்மா. திங்கக்கெழம லாரிய நடுவீட்டுக்குள்ளயே விட்டுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"திங்கக்கெழம விட்டா எவ நம்புவா?"

"தெருவுக்குத் தொட்டி வரணும், அதுக்கு என் கல்யாணம் நிக்கணுமா?"

"ஏலே, அந்தப் பிள்ள வந்த மறுநாக் காலையில கையில குடத்தக் குடுத்துக் கோயில் முக்குக்கு அனுப்புவமே, அன்னைக்கு அது மூஞ்சிய எப்படிப் பாப்ப? மறைச்சுக் கட்டி வைக்கறதுக்கு நான் புரோக்கர் இல்ல."

லிங்கேஸ்வரன் கோபத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை சேத்தூரிலிருந்து வேன் வந்தது. பெண்ணின் அப்பா பொன்னுராஜ், அம்மா வேலுத்தாய், சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது பெண்ணை அழைத்து வருவது வழக்கமில்லை. நிச்சயமாகும் வரை அவள் அந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாது. எல்லாரையும் உட்காரவைத்து, தட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் மிக்சரும் வைத்தாயிற்று. பொன்னுராஜ் தன் தென்னந்தோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. காலையிலேயே தன் வீட்டு நம்பரைச் சொல்லிப் போன் போட்டிருந்தாள் முனீஸ்வரி.

மகன் அவளைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்தே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"செத்த இருங்க. தண்ணி வந்திருக்கு, பிடிச்சிட்டு வாரேன்."

பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு குடத்தோடு வாசலுக்குப் போனாள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் கண் மட்டும் இருந்தது. லாரி டிரைவர் வல்லரசு திகைத்துப் போய், "அக்கா, வீட்ல விசேசம் போலிருக்கே. முக்குலயே நிப்பாட்டட்டுமா?" என்றான்.

"பைப்பத் தூக்குலே. விசேசத்துக்கு வந்தவுகளுக்கும் தாகம் எடுக்கும்ல?"

குடம் குடமாக, விருந்தாளிகளுக்கு நடுவில் நடந்து அடுக்களைக்குக் கொண்டுபோனாள். நடுவீடெல்லாம் தண்ணீர் சிந்தியது. சேத்தூர்க்காரர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தங்கச்சாமி காலண்டரைப் பார்த்தார். லிங்கேஸ்வரன் செல்போனைப் பார்த்தான்.

நாலாவது நடைக்கு வந்தபோது வேலுத்தாய் கேட்டாள். "நித்தம் கொழாயில தண்ணி வரும்னு புரோக்கர் சொன்னாரே?"

"புரோக்கர் எங்க தெருவுலயா குடியிருக்காரு? வாரத்துக்கு ஒருக்க வந்தா உண்டு மயினி. கோடையில அதுவும் கெடையாது. ஒங்க பிள்ள இங்க வந்தா குடம் தூக்கணும். இதச் சொல்லாம ஒங்க பொண்ணக் கேட்டா, அது திருட்டுத்தனம்."

பொன்னுராஜ் எழுந்து துண்டை உதறினார். "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றார். அந்தச் சொல்லுக்கு மட்டும் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. வேன் கிளம்பிப் போயிற்று. பால்கோவா தட்டில் அப்படியே இருந்தது.

லிங்கேஸ்வரன் உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முனீஸ்வரி ஈரத்தைத் துடைக்கத் துணி எடுத்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முத்தாத்தாள் குடத்தோடு வந்து, முனீஸ்வரி பக்கம் திரும்பாமலே வல்லரசுவிடம், "மிச்சம் இருக்காலே?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தெரு சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசியது. வீட்டு நம்பர், வீட்டுக்காரர் பெயர், மாமியார் பெயர் எல்லாம் சொல்லிப் புகார் கொடுத்தார்கள். "மெம்பரக்கா, செத்த மூச்சு விடச் சொல்லுங்க, கை வலிக்குது" என்றாள் ஹெப்சிபா.

அடுத்த கூட்டத்தில் சுவரில் புதிய படம் விழுந்தது. ஒன்பதாம் வார்டு கருஞ்சிவப்பையும் தாண்டி ஏறக்குறையக் கறுப்பாகவே இருந்தது. பத்தாம் வார்டு சாயம் போன துணி மாதிரி வெளுத்திருந்தது. நவநீதகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது கோரோபிளெத் மேப்" என்றார். முனீஸ்வரியைப் பார்த்து, இடம், திரள் என்று அர்த்தத்தையும் சொன்னார். அவள் தலையசைத்து அங்கீகரித்த பிறகுதான் மேலே பேசினார். பத்தாம் வார்டு மெம்பர் மேஜையைத் தட்டிக் கத்தினார். "முக்குக்கு வந்த லாரியில ஒங்க வார்டுல எவ வீட்டுக் குடம் நெறஞ்சுது, ஒருத்தியச் சொல்லுங்க" என்று முனீஸ்வரி கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். தொட்டி ஒன்பதாம் வார்டுக்குத் தீர்மானமாயிற்று.

கலையும்போது தலைவர் தணிந்த குரலில், "படத்தை வெளிய யாருக்கும் காட்ட வேண்டாம் மெம்பர். ஒங்க வார்டுக்குத்தான் கேவலம்" என்றார்.

"தண்ணி இல்லாதவனுக்கு என்ன கேவலம்? காட்டத்தான் போறேன்."

ஹெப்சிபாவிடம் அந்தப் படத்தை வாங்கி, ஆளுயர ஃபிளெக்ஸாக அடித்து, தெரு முகப்பில் ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸுக்கும் ஒரு சடங்கு ஃபிளெக்ஸுக்கும் நடுவில் கட்டினாள். அடியில் 'கோரோபிளெத். தண்ணீர் இல்லாத தெரு இதுதான்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. யாருக்குச் சடங்கு என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் நின்று விளக்கம் சொன்னாள். மகன் மட்டும் அவளோடு பேசவில்லை. மில் கேண்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தான். அது அவளைத் தின்றது. ஆனால் ஃபிளெக்ஸை அவிழ்க்கவில்லை.

ஆடிக் காற்றில் ஃபிளெக்ஸின் ஒரு முனை அவிழ்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டிக்கொண்டிருந்தபோது, மினிபஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து படத்தை அண்ணாந்து பார்த்தாள். ஜவுளிக்கடை யூனிபார்ம் சேலை. போட்டோவில் பார்த்த முகம்.

"முனீஸ்வரி அத்த நீங்கதான?"

முனீஸ்வரி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "நீ இங்க வரக்கூடாதே தாயி."

"எங்கப்பா வேண்டாம்னுட்டாக. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. என்னைய யாரும் கேக்கல, அதான் நானே வந்தேன்."

முனீஸ்வரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "தொட்டி கட்டி முடிக்க ஒரு வருசம் ஆகும். அது வரைக்கும் லாரிதான். குடம் தூக்கணும், சொல்லிட்டேன்" என்றாள்.

"தூக்கலாம் அத்த. அதுக்கு முன்ன ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நீங்க பட்டுச்சேலையோட ஒத்தையில தண்ணி சொமந்தீகன்னு எங்கம்மா வந்து சொன்னாக. அம்புட்டு நேரமும் ஒங்க மகன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?"

மில்லில் கேள்வி கேட்டவள், கூட்டத்தில் கேள்வி கேட்டவள், இந்தக் கேள்வியைத் தன் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவே எட்டிப் பார்க்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏலே லிங்கேசு! வெளிய வா. ஒன்னையத்தான் கேக்குறாக."